மத்தியான வெயில்ல மரம் வெள்ளையாகும்: பழைய கேமராவ இன்ஃப்ராரெட்டுக்கு மாத்துறது எப்படி

எங்க மதுரைக்குப் பக்கத்துல இருக்குற கீழக்குயில்குடி அய்யனார் கோயில் ஆலமரத்த இன்ஃப்ராரெட்ல எடுத்து முதமுதல்ல எங்க அம்மாட்ட காட்டுனப்ப, "ஏண்டா, அம்புட்டுப் பெரிய மரம், பட்டுப்போச்சா?"ன்னு பதறிட்டாங்க. மரம் நல்லாத்தாம்மா இருக்கு, கேமராதான் வேற மாதிரி பாக்குதுன்னு சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள காபி ஆறிப்போச்சு. அதுக்கப்புறம் படத்தப் பாத்த எல்லாரும் கேக்குறது ரெண்டே கேள்வி. ஒண்ணு, இது போட்டோஷாப்பா? இன்னொண்ணு, இதுக்கு எந்த கேமரா வாங்கணும்? முதல் கேள்விக்கு ஒரே வார்த்தைல "இல்லைங்க"ன்னு சொல்லிரலாம். ரெண்டாவதுக்கு ஒவ்வொருத்தருக்கும் போன்ல முக்கா மணி நேரம் பேசி தொண்டை வத்துது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

முன்கூட்டியே ஒண்ணு சொல்லிர்றேன். உங்ககிட்ட இப்ப இருக்குற நல்ல கேமராவ இதுக்குத் தொடாதீங்க. ஒரு தடவை மாத்திட்டா அது கல்யாணம் காதுகுத்துக்கு எல்லாம் ஆகாது, கலர் நார்மலா வராது. கெட்டுப்போனாலும் ரெண்டு நாள் புலம்பிட்டு விட்டுரலாம்ங்கிற விலைல ஒரு பழைய பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, வாங்குங்க. நான் சொல்ல வந்ததே அம்புட்டுத்தான், எந்த பழைய பாடி, அத என்ன பண்றதுங்கிறதுதான் மிச்சக் கதை.

என்னதான் நடக்குது உள்ள

நம்ம கண்ணுக்கு ஏறக்குறைய 400 நானோமீட்டர்ல இருந்து 700 வரைக்கும்தான் வெளிச்சம் தெரியும். சிவப்புக்கு அங்கிட்டு இருக்குறது இன்ஃப்ராரெட். 1800ல வில்லியம் ஹெர்ஷல் வெயில பட்டகத்துல பிரிச்சு விட்டு, சிவப்பு முடிஞ்சு ஒண்ணுமே தெரியாத எடத்துல தெர்மாமீட்டர வச்சுப் பாத்தா அங்கதான் சூடு ஏறுச்சாம், அப்படி கண்டுபிடிச்சது. அமெரிக்காவுல ராபர்ட் வுட்னு ஒரு இயற்பியல்காரர் 1910ல இந்த வெளிச்சத்துல எடுத்த படங்கள வெளியிட்டார், இலை வெள்ளையா தெரியுறத இன்னைக்கும் வுட் எஃபெக்ட்னுதான் சொல்றாங்க.

இலைல இருக்குற பச்சையம் சிவப்பு, நீல வெளிச்சத்த நல்லா உறிஞ்சிக்கும், ஆனா இன்ஃப்ராரெட்ட கண்டுக்காம உள்ள விட்டுரும். உள்ள போனது இலையோட செல்லுக்கும் காத்து இடைவெளிக்கும் நடுவுல அங்கிட்டு இங்கிட்டு சிதறி வெளிய திரும்பி வந்துரும். அதனால வேப்பமரம், புளியமரம், நம்ம ஊரு சீமைக்கருவேலம் உட்பட பச்சையா இருக்குறது பூராம் வெள்ளையா ஜொலிக்கும். வானம் நேர்மாறு. நீலம் சிதறுற அளவுக்கு இன்ஃப்ராரெட் சிதறாது, அதனால மேகம் இல்லாத வானம் கறுத்துப்போயிரும், தண்ணியும் அப்படித்தான்.

இது வெப்பப் படம் எடுக்குற தெர்மல் கேமரா இல்ல, அத குழப்பிக்காதீங்க. அது 8ல இருந்து 14 மைக்ரோமீட்டர் வரைக்கும் பாக்குறது, வேற ஜாதி சென்சார் (படத்தப் புடிக்கிற சில்லு). நம்ம சாதா கேமராவுல இருக்குற சிலிக்கான் சென்சார் 1100 நானோமீட்டர் வரைக்கும்தான் போகும். ராத்திரி வந்த திருடன் சூடா தெரிவானான்னு எங்க தெருவுல ஒருத்தர் கேட்டார், தெரியமாட்டான்ணே.

அந்த சென்சாருக்கு இன்ஃப்ராரெட் தெரியும்னா பின்ன ஏன் சாதாப் படத்துல வரலைன்னா, கம்பெனிக்காரனே சென்சாருக்கு முன்னாடி ஒரு கண்ணாடி வச்சு அத தடுத்துர்றான், இல்லைன்னா கலர் எல்லாம் கெட்டுரும். அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வேற கண்ணாடி வைக்கிறதுதான் கன்வெர்ஷன். சொல்றதுக்கு ஒரு வரி, பண்றதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பூராம் போயிரும்.

காசு போடுறதுக்கு முன்னாடி

டிவி ரிமோட்ட எடுத்துக்கங்க. வீட்ல இருக்குற ஏதாவது ஒரு கேமராவ ஆன் பண்ணி ஸ்க்ரீன பாத்துக்கிட்டே ரிமோட்டோட மூக்க லென்ஸ் பக்கம் காட்டி பட்டன அமுக்குங்க. வெள்ளையாவோ ஊதாவாவோ ஒரு புள்ளி மினுக்குனா அந்த கேமராவோட தடுப்புக் கண்ணாடி கொஞ்சம் லூசுன்னு அர்த்தம். போன்ல பின்பக்க கேமராவுல தெரியலைன்னா செல்ஃபி கேமராவுல பாருங்க, பெரும்பாலும் அதுல தெரியும்.

புள்ளி நல்லா பளிச்சுன்னு தெரியுற கேமரா இருந்தா, கன்வெர்ஷனே பண்ணாம லென்ஸ் முன்னாடி ஒரு ஹோயா ஆர் 72 ஃபில்டர், இல்ல அதே மாதிரி 720 நானோமீட்டர்னு போட்டு விக்கிற ஃபில்டர் மாட்டிப் பாக்கலாம். கண்ணால பாத்தா அது கறுப்பு ஓடு மாதிரிதான் இருக்கும், உள்ள ஒண்ணும் தெரியாது. அதனால ட்ரைபாட்ல வச்சு, ஃபில்டர் இல்லாம ஃபோகஸ் பண்ணி, மேனுவலுக்கு மாத்திட்டு, அப்புறம் ஃபில்டர பைய திருகி மாட்டி, ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் துவாரத்தோட அளவு) 5.6, 20 செகண்டுன்னு ஆரம்பிங்க. 2004ல வந்த நிக்கான் டி70 மாதிரி பழசுல தடுப்பு கம்மி, அதுல இதவிட ரொம்ப சீக்கிரம் வந்துரும். இப்ப வர்ற கேமராவுல அரை நிமிசமே பத்தாமப் போகலாம். காத்தடிச்சா இலை எல்லாம் பஞ்சு மாதிரி கலைஞ்சுதான் வரும், ஆடி மாசம் இந்த வேலையே ஆகாது.

ஃபில்டருக்கும் காசு போட யோசிக்கிறவங்க, வீட்ல பழைய கலர் நெகட்டிவ் கெடக்கும்ல, அதுல வெளிச்சம் பட்டு முழுசா கறுத்துப்போன நுனித்துண்டு இருக்கும் பாருங்க, அத ரெண்டா மடிச்சு லென்ஸ் முன்னாடி வச்சுப் பாருங்க. கலர் ஃபிலிமோட சாயம் இன்ஃப்ராரெட்ட விட்டுரும். படம் சொரசொரன்னுதான் வரும், ஆனா மரம் வெள்ளையாகுறத கண்ணால பாத்துரலாம். இன்னொண்ணு, அதே காரணத்தாலதான் அந்தத் துண்ட வச்சு சூரியனப் பாக்கவே கூடாது. கறுப்பா இருக்கு, கூசலைன்னு கிரகணத்தன்னிக்கு பாக்குறாங்க, இன்ஃப்ராரெட் முழுசும் கண்ணுக்குள்ள எறங்கும். ஆர் 72 ஃபில்டருக்கும் இதேதான்.

இந்த டெஸ்ட்ட ஒரு வாரம் பண்ணி, அப்பவும் ஆச அடங்கலைன்னாதான் அடுத்த செலவுக்கு வாங்க. பாதிப் பேருக்கு இங்கயே அடங்கிரும், அதுல தப்பே இல்ல.

எந்த பாடி

இங்கதான் நெறைய பேர் வழுக்கி விழுகுறாங்க. மெகாபிக்ஸல பாத்து வாங்குவாங்க. நீங்க பாக்க வேண்டியது, ஃபோகஸ் எதை வச்சு நடக்குதுங்கிறத. டிஎஸ்எல்ஆர்ல (உள்ள மிரர் வச்ச கேமரா) வ்யூஃபைண்டர் வழியா, அதாவது கண்ண வச்சுப் பாக்குற ஓட்டை வழியா பாக்குறப்ப ஃபோகஸ் பண்றது கீழ தனியா இருக்குற ஒரு சென்சார், படம் எடுக்குறது பின்னாடி இருக்குற வேற சென்சார். ரெண்டும் சாதா வெளிச்சத்துக்குத்தான் பொருத்தம் பாத்து வச்சிருக்கு. இன்ஃப்ராரெட் வந்து விழுகுற தூரம் வேற, அதனால வ்யூஃபைண்டர்ல டக்குனு லாக் ஆகும், படத்த பெருசு பண்ணிப் பாத்தா கலங்கலா இருக்கும். பழைய மேனுவல் லென்ஸ்ல ஃபோகஸ் கோட்டுக்குப் பக்கத்துல ஒரு சிவப்புப் புள்ளியோ ஆர்னு ஒரு எழுத்தோ இருக்கும் பாத்திருக்கீங்களா, அது இதுக்குத்தான், இன்ஃப்ராரெட் ஃபிலிம் போட்டா அம்புட்டு தள்ளி வைக்கணும்னு.

மிரர்லெஸ்ல, அதாவது அந்த மிரர் இல்லாத கேமராவுல, இந்தத் தலைவலியே இல்ல, சென்சார்ல விழுகுற படத்த வச்சேதான் ஃபோகஸ் பண்ணுது. அதனால என் ஓட்டு மிரர்லெஸ்ஸுக்கு. டிஎஸ்எல்ஆர்தான் கெடைக்குதுன்னா லைவ் வ்யூ, அதாவது பின்னாடி ஸ்க்ரீன்லயே பாத்து எடுக்குற வசதி இருக்குற மாடலா பாருங்க. கேனான் 1000டி, 450டி ரெண்டுலயும் இருக்கு, 2008ல வந்தது. நிக்கான் டி40 சின்னது, அழகா இருக்கும், விலையும் கம்மி, ஆனா லைவ் வ்யூ கெடையாது, ஃபோகஸுக்கு நாக்குத் தள்ளிரும்.

மிரர்லெஸ்லயும் எனக்குப் புடிச்சது சோனி நெக்ஸ் 5ம் நெக்ஸ் 3ம், 2010ல வந்தது, 14 மெகாபிக்ஸல். ஏன்னா ரெண்டு காரணம். பாடிக்குள்ள ஃப்ளாஷ் கெடையாது, தனியா மாட்டுற குட்டி ஃப்ளாஷ்தான், ஆக தொறக்குறப்ப ஷாக் அடிக்கிற சமாச்சாரம் உள்ள இல்ல. இது எம்புட்டு பெரிய விசயம்னு கீழ சொல்றேன். ரெண்டாவது, சென்சார ஆட்டி ஸ்டெடி பண்ற வேலை அதுல இல்ல. ஒலிம்பஸ் மாதிரி சென்சாரே மெதக்குற பாடிய முதல் தடவையே தொறக்காதீங்க. கேனான் இஓஎஸ் எம், 2012ல வந்த முதல் மாடல், அதுக்கும் உள்ள ஃப்ளாஷ் கெடையாது, அதுவும் ஓகேதான்.

வாங்குறப்ப டிஸ்ப்ளேல கோடு இருக்கா, ரா ஃபைல் (சென்சார் குடுக்குறத அப்படியே சேமிக்கிற ஃபைல்) எடுக்குதா, பேட்டரி அரை மணி நேரமாச்சும் நிக்குதான்னு பாத்தா போதும். சென்சார்ல தூசி இருக்கு, கறை இருக்குன்னு விக்கிறவர் தயங்குனா சந்தோசமா விலையக் கொறைங்க, அந்தக் கண்ணாடியத்தான நாம கழட்டி எறியப்போறோம். நான் என்னோட நெக்ஸ் 5 பாடிய 7,000 ரூபாய்க்கு வாங்குனேன், ரப்பர் பிடி உரிஞ்சு ஃபெவிகுவிக் போட்டு ஒட்டி இருந்துச்சு, அதச் சொல்லியே 500 கொறைச்சேன். மீனாட்சி பஜார்ல ஒரு தடவ சுத்திப் பாருங்க, லென்ஸ் மூடி, பழைய சார்ஜர் மாதிரி சில்லறை சாமான் கெடைக்கும். பாடி வாங்குறதுக்கு தெரிஞ்ச ஸ்டூடியோக்காரங்கள கேளுங்க, எல்லா ஸ்டூடியோ அலமாரிலயும் தூங்குற பாடி ரெண்டு இருக்கும்.

எந்தக் கண்ணாடி

ஃபில்டர்ல போட்டிருக்குற நம்பர், எங்க இருந்து வெளிச்சத்த உள்ள விடுதுங்கிற கணக்கு. 590னா ஆரஞ்சு, சிவப்பும் சேந்து உள்ள வரும், கலர் நெறைய கெடைக்கும், இலை பொன்னு மாதிரி மஞ்சளாக்கலாம். பாக்குறதுக்கு முதல் நாள் ஆகா ஓகோன்னு இருக்கும், பத்தாவது படத்துல திகட்டிரும், இது என் கருத்து. 850னா கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் துளி கூட வராது, சுத்தமான கறுப்பு வெள்ளை. கலர் பிரிக்கிற வேலையே இல்ல, வானம் மை மாதிரி இருக்கும். நடுவுல இருக்குறது 720. இலை வெள்ளை, வானம் கொஞ்சூண்டு கலர், வேணும்னா கறுப்பு வெள்ளையாவும் மாத்திக்கலாம். எதுன்னு முடிவு பண்ண முடியலைன்னா 720 போட்டுட்டு மறந்துருங்க.

இன்னொரு வழி ஃபுல் ஸ்பெக்ட்ரம். தடுப்புக் கண்ணாடிய எடுத்துட்டு அந்த எடத்துல எல்லா வெளிச்சத்தையும் விடுற வெறும் கண்ணாடிய வைக்கிறது. அப்புறம் லென்ஸ் முன்னாடி அன்னைக்குத் தோணுற ஃபில்டர மாட்டிக்கலாம், இன்னைக்கு 590, நாளைக்கு 850. மிரர்லெஸ்னா இதுதான் லாபம். டிஎஸ்எல்ஆர்ல இத பண்ணாதீங்க, கறுப்பு ஃபில்டர மாட்டுனதும் வ்யூஃபைண்டர் இருட்டாயிரும், கண்ணக் கட்டி காட்டுல விட்ட கதைதான். டிஎஸ்எல்ஆர்னா உள்ளயே 720 வச்சுருங்க, வ்யூஃபைண்டர் தெளிவா இருக்கும்.

கேனான் டிஎஸ்எல்ஆர் தொறக்குறவங்களுக்கு ஒரு விசயம். அதுல சென்சார் முன்னாடி ரெண்டு கண்ணாடி இருக்கும். நட்சத்திரம் எடுக்குறவங்க 656 நானோமீட்டர்ல வர்ற ஹைட்ரஜன் சிவப்புக்காக ஒண்ண மட்டும் எடுப்பாங்க. நமக்கு ரெண்டும் போகணும். விண்வெளி போட்டோவுக்கு மாத்துன பாடி விலைக்கு வருதேன்னு வாங்கிட்டு இன்ஃப்ராரெட் வரலையேன்னு முழிக்காதீங்க.

தொறக்குறது

உங்களுக்கு சோல்டரிங், மொபைல் சர்வீஸ், இப்படி சின்ன ஸ்க்ரூ வேலைல கை பழக்கம் இல்லைன்னா தெரிஞ்ச சர்வீஸ் ஆள்ட்ட குடுத்துருங்க, பக்கத்துலயே உக்காந்து பாருங்க. வெளிநாட்டுல அமெரிக்காவோட கோலாரி விஷன் மாதிரி இதையே தொழிலா பண்றவங்க இருக்காங்க, ஆனா 7,000 ரூபா கேமராவ கப்பல்ல அனுப்பி கஸ்டம்ஸ் கட்டி திருப்பி வாங்குறது சுண்டைக்கா கால்பணம் சுமைகூலி முக்கால்பணம்.

நானே முதல் கேமராவ குடுத்துதான் மாத்துனேன். குடுத்த எடத்துல தடுப்புக் கண்ணாடிய எடுத்துட்டு அந்த எடத்துல எதையுமே வைக்காம மூடிக் குடுத்துட்டாங்க, கண்ணாடி இல்லாம இருந்தா இன்னும் நல்லா தெரியும்லன்னு ஒரு விளக்கம் வேற. வீட்டுக்கு வந்து பழைய 50 எம்எம் மேனுவல் லென்ஸ மாட்டி மொட்டைமாடில இருந்து ஆனைமலைய எடுத்தேன். பக்கத்து வீட்டு தொட்டி கத்தி மாதிரி கூரா இருக்கு, ஆனைமலை கலங்குது. லென்ஸ கடைசி வரைக்கும் திருகிட்டேன், தாண்டி போக மாட்டேங்குது. காரணம் என்னன்னா, கண்ணாடி வழியா போற வெளிச்சம் அதோட தடிமன்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு தள்ளிப் போயி விழுகும். ரெண்டரை மில்லி கண்ணாடிய எடுத்தா படம் முக்கா மில்லிக்கு மேல முன்னாடியே விழுந்துரும், லென்ஸால அம்புட்டு பின்னாடி வர முடியாது. அதனால எடுத்த கண்ணாடி என்ன தடிமனோ அதே தடிமன்ல புதுக் கண்ணாடி வைக்கணும். மாடல் பேர் சொல்லி அதுக்குன்னே வெட்டுன கண்ணாடிய வாங்குங்க, கண்ணாடிக் கடைல வெட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க. அந்தப் பாடம் எனக்கு ஒரு பாடி, ரெண்டு மாசம்.

சரி, நீங்களே தொறக்குறீங்கன்னா. முதல்ல பேட்டரி, கார்டு ரெண்டையும் எடுத்துருங்க. உள்ள ஃப்ளாஷ் இருக்குற பாடின்னா இங்க நிதானம் வேணும். அந்த ஃப்ளாஷுக்கு ஒரு கப்பாசிட்டர் இருக்கும், பாக்க சின்ன பேட்டரி மாதிரி கறுப்பா உருளையா இருக்கும், அதுக்குள்ள 300 வோல்ட் வரைக்கும் நிக்கும், பேட்டரிய எடுத்துட்டாலும் நிக்கும். விரல் பட்டா தூக்கிப் போடும், ஆள் வீக்குன்னா அதவிட மோசமும் ஆகலாம், பலகையும் செத்துப்போகும். ஸ்க்ரூட்ரைவர வச்சு ஷார்ட் பண்றவங்க இருக்காங்க, பொறி பறக்கும், பண்ணாதீங்க. தெரிஞ்சவங்க ஒரு ரெசிஸ்டர வச்சு பைய எறக்குவாங்க, மீட்டர வச்சு எறங்கிருச்சான்னும் பாப்பாங்க. இது தெரியாதுன்னா ஃப்ளாஷ் இருக்குற பாடிய வீட்ல தொறக்கவே வேணாம், அதுக்குத்தான் நெக்ஸ் 5ன்னு சொன்னேன்.

ஸ்க்ரூட்ரைவர்ல ஒரு சூட்சுமம் இருக்கு. ஜப்பான் கேமரா ஸ்க்ரூ பாக்க நம்ம ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனா அது ஜேஐஎஸ்னு வேற அளவு. சாதா ஸ்டார் போட்டு திருகுனா தலை மொழுங்கிரும், அப்புறம் அது வெளிய வராது. ஜேஐஎஸ் 0, 00 ரெண்டு வாங்கி வச்சுக்கங்க. ஒரு ஏ4 பேப்பர்ல கேமராவோட படத்த கீழ, மேல, பக்கவாட்டுன்னு கோட்டுல வரைஞ்சு டபுள் சைடு டேப் ஒட்டி, எந்த எடத்துல கழட்டுன ஸ்க்ரூவோ படத்துல அதே எடத்துல ஒட்டிருங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு தோணும், ஒண்ணு அரை மில்லி நீளமா இருக்கும், மாத்திப் போட்டா அடுத்த பக்கம் குத்திரும். ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல ஒரு போட்டோ.

உள்ள பட்டையா ரிப்பன் கேபிள் வரும். இழுக்காதீங்க. சாக்கெட் ஓரத்துல கண் இமை மாதிரி ஒரு குட்டி மூடி இருக்கும், அத நகத்தால தூக்கி விட்டா கேபிள் தானா கழண்டு வரும், சில சாக்கெட்ல மூடி இருக்காது, அத நேரா உருவணும். நான் ஒரு கேபிள அவசரத்துல கிழிச்சு டிஸ்ப்ளே போச்சு, அந்த பாடி இப்ப அலமாரில ஸ்பேர் பார்ட்ஸ்.

சென்சார் பலகைய மூணு ஸ்க்ரூ புடிச்சிருக்கும். உசுரு இங்கதான் இருக்கு. சில மாடல்ல அதுக்கு அடில பேப்பர் மாதிரி மெலிசு வாஷர் இருக்கும், சிலதுல ஸ்பிரிங் இருக்கும், சென்சார் லென்ஸுக்கு நேரா நிக்கிறது அதாலதான். வாஷர் இருந்தா எந்த மூலைல எத்தனைன்னு எழுதுங்க. ஸ்பிரிங் இருந்தா கழட்டுறப்ப ஒவ்வொரு ஸ்க்ரூவும் எத்தனை சுத்து, அரைச் சுத்துன்னு எண்ணி எழுதி, மாட்டுறப்ப அதே எண்ணிக்கை. இத கோட்டை விட்டா படத்துல இடப்பக்கம் கூரா இருக்கும், வலப்பக்கம் கலங்கும்.

தடுப்புக் கண்ணாடி சில மாடல்ல க்ளிப்புல நிக்கும், சிலதுல ஒட்டி இருக்கும். ஒட்டி இருந்தா சூடு காட்டி பைய நெம்பணும். சென்சார் மேலயே ஒட்டுன மெலிசு கண்ணாடி ஒண்ணு இருக்கும், அது வேற, அதத் தொடவே கூடாது, போனா சென்சாரே போச்சு.

தூசிதான் மிச்ச எதிரி. புதுக் கண்ணாடிக்கும் சென்சாருக்கும் நடுவுல ஒரு துகள் மாட்டுனா எல்லாப் படத்துலயும் அதே எடத்துல மச்சம். சித்திரை வைகாசில நம்ம ஊரு புழுதிக்கு சொல்லவே வேணாம். நான் பண்றது, பாத்ரூம்ல வெந்நீர தெறந்துவிட்டு ஆவி நெரப்பி, அது அடங்குனதும் உள்ள ஸ்டூல் போட்டு அந்த ஒரு வேலைய மட்டும் முடிக்கிறது. ஃபேன் கூடாது. பாலியஸ்டர் சட்டை கூடாது, ஸ்டாட்டிக் அடிக்கும். ரப்பர் ப்ளோயரால ஊதுங்க, வாயால ஊதாதீங்க, எச்சி தெறிக்கும். இந்த வேர்வைல வெறும் ஒடம்போட உக்காந்துதான் பண்ணேன், வீட்ல ஒரு மாதிரி பாத்தாங்க.

மூடுனதும்

முதல் வேலை தூரத்துல இருக்குற ஏதாவது ஒண்ண எடுத்துப் பாக்குறது. செல்போன் டவர், மலை, கோபுரம் எதுவா இருந்தாலும் சரி. நாலு மூலையும் ஒரே மாதிரி கூரா இருக்கான்னு பாருங்க. இருந்தா டீ குடிங்க.

அடுத்து லென்ஸ். சில லென்ஸ்ல படத்துக்கு நடுவுல ஒரு வெளுத்த வட்டம் வரும், ஹாட்ஸ்பாட்னு சொல்வாங்க. லென்ஸ் உள்ள பூசின பூச்சும் பெயிண்டும் சாதா வெளிச்சத்துக்குத்தான் கணக்குப் பாத்து பண்ணது, இன்ஃப்ராரெட் அதுல பட்டு எதிரொலிச்சுரும். விலை கூடுன லென்ஸ்னா வராதுன்னு இல்ல, கேமராவோடயே வர்ற சாதா கிட் லென்ஸ் பல சமயம் சமத்தா இருக்கும். ஒரே சாயமா இருக்குற சொவத்தையோ வானத்தையோ எஃப் 4, 8, 11, 16னு வரிசையா எடுங்க. துவாரத்தச் சுருக்கச் சுருக்க வட்டம் பளிச்சுன்னு ஆகும். எந்த நம்பர் வரைக்கும் சுத்தமா இருக்கோ அதோட நிப்பாட்டிக்கங்க. எப்படியும் எஃப் 11 தாண்டி போக வேணாம், இன்ஃப்ராரெட்ல அலைநீளம் கூடங்கிறதால படம் சீக்கிரம் மழுங்கும்.

படம் எடுத்ததும் ஸ்க்ரீன் பூராம் குங்குமத்தக் கொட்டுன மாதிரி சிவப்பா இருக்கும். கெட்டுப்போச்சுன்னு பயந்துராதீங்க, அது வொயிட் பேலன்ஸ், எது வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்ற செட்டிங். கஸ்டம் வொயிட் பேலன்ஸுக்குப் போயி, வெயில் பட்ட பச்சைப் புல்ல ஃப்ரேம் நெறையக் காட்டி செட் பண்ணுங்க. சோனில எரர்னு காட்டும், காட்டட்டும், அது பாட்டுக்கு ஒரு அளவ வச்சுக்கும், நீங்க எடுத்துக்கிட்டே போங்க. ரா ஃபைல்தான் எடுக்கணும். வெளிச்ச அளவையும் கேமரா சொல்றபடி நம்பாதீங்க, மூணு கலரோட வெளிச்ச அளவையும் தனித்தனியா கிராஃபா காட்டுற ஹிஸ்டோகிராம வைங்க, சிவப்புதான் முதல்ல போயி முட்டும். நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/125 செகண்டு பக்கம் கைலயே புடிச்சு எடுத்துரலாம், ட்ரைபாட்ட வீட்ல வச்சுட்டுப் போங்க.

கம்ப்யூட்டர்ல படத்த சரி பண்ண லைட்ரூம் சாஃப்ட்வேர் வச்சிருக்கவங்க திணறுவாங்க, அதோட டெம்பரேச்சர் 2000க்குக் கீழ எறங்காது, சிவப்பு போகவே போகாது. அடோபியோட டிஎன்ஜி ப்ரொஃபைல் எடிட்டர்ல ஒரு ப்ரொஃபைல் செஞ்சுக்கணும். அந்தத் தொல்லை வேணாம்னா டார்க்டேபிள், ராதெரபி ரெண்டும் இலவசம், நல்லாவே வேலை செய்யும். வொயிட் பேலன்ஸ் முடிச்சா வானம் செங்கல் பழுப்பாவும் இலை லேசான நீலமாவும் நிக்கும். இப்ப சிவப்பையும் நீலத்தையும் எடம் மாத்தணும். கிம்ப் சாஃப்ட்வேர்ல கலர்ஸ், காம்பொனன்ட்ஸ், சேனல் மிக்ஸர்னு போங்க. ரெட் சேனல்ல ரெட்ட 0, ப்ளூவ 1ன்னு வைங்க. ப்ளூ சேனல்ல ரெட்ட 1, ப்ளூவ 0. வானம் நீலமாயிரும், இலை வெள்ளையோ வெண்ணெய் கலரோ வரும். 850 போட்டவங்க இத எல்லாம் விட்டுட்டு நேரா கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட்ட ஏத்துனா முடிஞ்சு.

எங்க, எப்ப

மத்த போட்டோக்காரங்க வெள்ளன அஞ்சரைக்கு எந்திரிச்சு ஓடுவாங்க, நமக்கு அந்தப் பாடு இல்ல. பதினோரு மணில இருந்து மூணு மணி வரைக்கும், மண்டைய பொளக்குற வெயில்தான் நமக்கு முகூர்த்தம். மேகமூட்ட நாள்ல இலை சாம்பல் பூத்த மாதிரி செத்துக் கெடக்கும். சித்திரை வைகாசி மத்தியானம் இடிமழைக்கு முன்னாடி மேகம் குவியும் பாருங்க, கறுத்த வானத்துல அந்த மேகம் பருத்தி மூட்டைய அவுத்து விட்ட மாதிரி நிக்கும். அன்னைக்கு சோத்த மறந்துட்டு கெளம்பிருங்க.

எடம்னா முதல்ல கீழக்குயில்குடிதான். சமணர் மலை பாறை, அடில தாமரைக் குளம், ஆலமரம், மூணும் ஒரே ஃப்ரேம்ல. தண்ணி கறுப்பு, தாமரை இலை வெள்ளைத் தட்டு. ஆனைமலைய ஒத்தக்கடை பக்கம் நின்னு, தென்னை முன்னால வர்ற மாதிரி எடுங்க. மழைக்குப் பெறகு நெல்லு நட்ட நேரத்துல சோழவந்தான் பக்கம் போனா வயலும் வரப்பும் தென்னையும் பூராம் வெள்ளை. அழகர்கோயில் மலையடிவாரமும் நல்லாருக்கும், ஆனா குரங்குட்ட ஜாக்கிரதை, என் லென்ஸ் மூடி ஒண்ணு அங்க மேல எங்கயோ இருக்கு. திருமலை நாயக்கர் மகால் 1636ல கட்டுனது, எம்புட்டு அழகோ அம்புட்டுக்கு இன்ஃப்ராரெட்ல ஒண்ணும் பெருசா இல்ல, சுண்ணாம்புத் தூண் சாதாவாவே வெள்ளைதான, பச்சை இல்லாத எடத்துல இந்த வித்தை பலிக்காது. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள கேமரா போனெல்லாம் விடமாட்டாங்க, தெருவுல நின்னு கோபுரத்த எடுக்கலாம், முன்னாடி ஒரு மரம் கெடைச்சா நல்லது. வண்டியூர் தெப்பக்குளத்துல தண்ணி நெறஞ்சிருக்குற சமயம் போங்க, மைய மண்டபத்தச் சுத்தி இருக்குற மரம் மொத்தமும் கறுத்த தண்ணிக்கு நடுவுல வெளிச்சம் போட்ட மாதிரி நிக்கும்.

ஆளுங்கள எடுக்குறப்ப கேட்டுட்டு எடுங்க. முகம் பளிங்கு மாதிரி ஆகும், கண்ணு கறுத்துக் குழிஞ்சு தெரியும், கை நரம்பு வெளிய வரும், எல்லாருக்கும் புடிக்காது. சில மெலிசு சிந்தெடிக் துணி இன்ஃப்ராரெட்ல லேசா ஊடுருவித் தெரியும், 1998ல சோனி ஹேண்டிகேம் வீடியோ கேமராவுல நைட்ஷாட்ங்கிற இருட்டுல எடுக்குற வசதிய பகல் வெளிச்சத்துல வேலை செய்யாத மாதிரி மாத்துனதே இந்தப் பிரச்சனையாலதான். அப்படி ஏதாவது வந்தா அங்கயே அழிச்சுருங்க.

துணிச் சாயம் பண்ற கூத்து வேற இருக்கு. 2006ல வந்த லைக்கா எம்8ல தடுப்புக் கண்ணாடி ரொம்ப மெலிசு, கறுப்பு சிந்தெடிக் துணி எல்லாம் ஊதாவா வந்து, கடைசில கம்பெனியே வாங்குனவங்களுக்கு ரெண்டு ஃபில்டர் சும்மா குடுத்துச்சு. நமக்கு அதே விசயம் போன கார்த்திகைல நடந்துச்சு. எங்க தெருவுல மால போட்ட சாமிங்க ஒம்போது பேர் சபரிமலைக்கு கெளம்புறப்ப வரிசையா நிக்க வச்சு ஒரு படம் எடுக்கச் சொன்னாங்க, நான் வம்புக்கு இன்ஃப்ராரெட்லயும் ஒண்ணு எடுத்தேன். எல்லாரும் கட்டியிருந்தது ஒரே கறுப்பு வேட்டி, ஒரே கறுப்பு துண்டு. படத்துல ஆறு பேர் வெள்ளை, ரெண்டு பேர் சாம்பல், குருசாமி மட்டும் அசல் கறுப்பு. போன்ல காட்டுனதும் அவர் கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "சாமி, என் வேட்டி எங்க அப்பா காலத்துல சாயத்தொட்டில முக்குனது, இவங்க எல்லாம் ரெடிமேடு"ன்னார்.